எம்டன் 1:50 – இடப்பக்கமும் சாய்கிறது, வலப்பக்கமும் சாய்கிறது

#1 மொட்டைமாடி_மாலுமி

வணக்கம். இரண்டரை வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

கட்டுவது எஸ்.எம்.எஸ். எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மீது குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் குரூசர். அளவு 1:50. பெட்டியில் வரும் கிட் இல்லை, ஒவ்வொரு துண்டும் கையால் வெட்டியது. நிஜக் கப்பல் 118.3 மீட்டர் நீளம், 13.5 மீட்டர் அகலம். என்னுடையது 236.6 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். வீட்டுக் கட்டிலைவிடப் பெரிது. மாடிப்படி வளைவில் திரும்பாது என்பது முக்கால்வாசி கட்டிய பிறகுதான் உறைத்தது. வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். கீழே நின்று பிடிக்க நாலு பேர் வேண்டும்.

கட்டிய விதம்: 6 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் 23 குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டைகள், வெளியே ஃபைபர் துணி, உள்ளே ஃபைபர் மேட். மேல்தளம் 6 மி.மீ. ப்ளை. பாலம், அறைகள் எல்லாம் அரை மி.மீ. பித்தளைத் தகடு. புகைபோக்கி மூன்றும் பிவிசி குழாய். கம்பித் தடுப்புக்கு மட்டும் 180 தூண்கள் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தேன். அதற்கே ஒரு மழைக்காலம் போனது. உள்ளே 12 வோல்ட் மோட்டார் இரண்டு, யுபிஎஸ் பேட்டரி இரண்டு.

போன ஞாயிறு மதுராந்தகம் பக்கம் சித்தப்பா தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் இறக்கினோம். ஒரு நொடி நேராக நின்றது. அப்புறம் சத்தமே இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்தது, ஏறக்குறைய 20 டிகிரி. கவிழவில்லை, அப்படியே நின்றது. சரி, இடப்பக்கம் கனம் கூடிவிட்டது என்று வலப்பக்கம் அரை கிலோ ஈயம் வைத்தேன். மடாரென்று வலப்பக்கம் போய் விழுந்தது. ஈயத்தை எடுத்தேன். திரும்பி வரவில்லை, வலப்பக்கமே சாய்ந்து நின்றது.

உடலை அளந்து பார்த்துவிட்டேன். இடமும் வலமும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. மொத்த எடை 28 கிலோ. கனம் எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 டப்பாக்_கட்டு

எம்டன் என்று பெயர் வைத்தால் ஏமாற்றத்தானே செய்யும்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். 1:350-இல் இதே கப்பலுக்கு ரெவெல் கம்பெனி கிட் உண்டு. 34 செ.மீ.தான் வரும், அலமாரியில் உட்காரும், கவிழாது. எதற்கு இந்த வேலை?

#3 மொட்டைமாடி_மாலுமி

அந்த கிட் என்னிடமும் இருக்கிறது. கட்டி முடித்து அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது.

#4 உலர்துறை

தம்பி, கேள்வியே தப்பு. எந்தப் பக்கமும் கனம் கூடவில்லை.

கப்பல் கட்டும் தளத்தில் 30 வருடம் இருந்தவன் சொல்கிறேன். ஒரு பக்கம் எடை கூடிய கப்பல் அந்தப் பக்கம் மட்டும்தான் சாயும். எதிர்ப்பக்கம் எடை வைத்தால் மெதுவாக நிமிரும். உன்னுடையது இடத்திலும் நிற்கிறது, வலத்திலும் நிற்கிறது, நடுவில் மட்டும் நிற்க மறுக்கிறது. இதற்குக் காரணம் பக்கவாட்டு எடை கிடையாது, உயரத்தில் இருக்கும் எடை. ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிட்டது. இந்த நிலையில் எதிர்ப்பக்கம் ஈயம் வைப்பதுதான் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். நிஜக் கப்பலில் அப்படிச் செய்தால், மறுபக்கம் விழுகிற வேகத்திலேயே கவிழ்ந்துபோகும். உனக்குத் தொட்டியில் நடந்ததால் தப்பித்தாய்.

தஞ்சாவூர் பொம்மையைத் தட்டினால் எழுந்து நிற்கும், ஏனென்றால் அடியில் களிமண். கப்பலுக்கு அது மட்டும் காரணமில்லை. அகலமும் தாங்கிப் பிடிக்கிறது. சாயும்போது தாழும் பக்கம் கூடுதல் நீரைத் தள்ளுகிறது, தண்ணீர் அந்தப் பக்கத்தை மேலே தூக்குகிறது. அந்தத் தூக்குவிசை நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளியை மெட்டாசென்டர் என்போம். ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும், மேலே போனால் நிமிராது. நீ சொன்ன அளவுகளை வைத்துத் தோராயமாகப் போட்டேன். உன் உடலுக்கு அந்தப் புள்ளி அடிக்கட்டையிலிருந்து 13 செ.மீ. பக்கம் வரும். உன் ஈர்ப்பு மையம் அதற்குக் கொஞ்சம் மேலே, அரை செ.மீ.க்குள். அதனால்தான் முழுக்கக் கவிழாமல் 20 டிகிரியில் நின்றது. சாயச் சாய உடல் கூடுதலாகத் தாங்கி, அந்த இடத்தில் பிடித்துக்கொண்டது.

மேலே என்னென்ன வைத்திருக்கிறாய், எத்தனை கிராம்? பட்டியல் போடு.

#5 காசிமேடு_ஃபைபர்

ஐயா சொன்னது சரி. நாங்கள் ஃபைபர் போட் பண்ணும்போதும் புதுசாக வருகிறவன் மேல்விளிம்பில்தான் மேட்டை அள்ளி ஒட்டுவான். கண்ணுக்கு முன்னாடி இருப்பது அதுதானே.

உள்ளே மேட் எத்தனை அடுக்கு போட்டீர்கள்? எது வரைக்கும்?

#6 மொட்டைமாடி_மாலுமி

மூன்று அடுக்கு. மேல்தளம் வரைக்கும்.

#7 காசிமேடு_ஃபைபர்

அய்யோ. நீர்க்கோட்டுக்கு மேலே ஒரு அடுக்கு துணி போதும் அண்ணே. மேட் ரெசினைக் குடிக்கும். குடித்த ரெசின் எல்லாம் எடை. இனிமேல் சுரண்டப் போகாதீர்கள், பட்டை பிளந்துவிடும். அடுத்த கப்பலுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

#8 டப்பாக்_கட்டு

அடுத்த கப்பலாம்.

#9 மொட்டைமாடி_மாலுமி

சமையலறைத் தராசை எடுத்துவந்து இரண்டு நாளாக எடை போட்டேன். (தராசு போன இடம் வீட்டில் தெரிந்துவிட்டது. தனிக்கதை.)

மேல்தளம் 1.9 கிலோ. பித்தளை அறைகள், பாலம், எல்லாம் சேர்த்து 2.1 கிலோ. புகைபோக்கி மூன்றும் அரை கிலோ. பத்து பீரங்கிகள், தாங்கிகளோடு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பாய்மரக் கம்பம் இரண்டு, படகுகள், கம்பித் தடுப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு அரை கிலோ.

நிஜக் கப்பலின் எடை 3,664 டன். 50-ஐ மும்முறை பெருக்கினால் 1,25,000. வகுத்தால் 29.3 கிலோ. நான் 28-இல் இருப்பதால் நிம்மதியாக இருந்தேன். இன்னும் 1.3 கிலோ ஈயத்தை அடியில் போட்டால் சரியாகிவிடாதா?

#10 உலர்துறை

முதலில் ஒரு திருத்தம். 3,664 டன் என்பது கடல்நீரில். உன் சித்தப்பா தொட்டியில் இருப்பது கிணற்று நீர். கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம் அதிகம். அதே நீர்க்கோட்டில் நல்ல தண்ணீரில் மிதக்க வேண்டுமென்றால் 28.6 கிலோதான் இருக்க வேண்டும். ஆக உன்னிடம் மிச்சம் 600 கிராம்.

அதை அடியில் போட்டால் நிமிரலாம், ஆனால் காற்று அடித்தால் மறுபடி படுக்கும். தாராளமாக மூன்று கிலோ போட்டால் நன்றாக நிற்கும். ஆனால் ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதலாக மூழ்கும். நிஜக் கப்பல் கணக்கில் அது 35 செ.மீ. கரி ரொப்பிய கப்பல் மாதிரி கனத்துப்போய்த் தெரியும்.

எனவே சேர்க்கிற வேலை இரண்டாவது. முதலில் மேலே இருப்பதைக் கழற்று. கழற்றிய எடையை ஈயமாக அடியில் போடு. மொத்தம் மாறாது, இடம் மட்டும் மாறும்.

#11 வெங்காரம்

மன்னிக்கவும், பித்தளையைக் கழற்று என்றதும் மனசு கேட்கவில்லை. படத்தில் பார்த்தேன், அந்தப் பாலத்தின் மூலைகளைப் பற்றவைத்திருக்கும் சுத்தம் எங்கள் பட்டறையில் பத்து வருடம் இருந்தவனுக்கு வரும் சுத்தம். அதைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களே.

#12 உலர்துறை

பத்தரே, அழகை நான் மறுக்கவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். அரை மி.மீ. பித்தளை ஒரு சதுர அடி ஏறக்குறைய 400 கிராம். ஒரு மி.மீ. ஸ்டைரின் ஷீட் அதே சதுர அடி 100 கிராம்கூட வராது. பெயின்ட் அடித்த பிறகு எது பித்தளை, எது பிளாஸ்டிக் என்று யாருக்குத் தெரியும்?

#13 வெங்காரம்

செய்தவனுக்குத் தெரியும்.

#14 மொட்டைமாடி_மாலுமி

நான் இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

#15 பீளமேடு_லேத்

பீரங்கியைப் பற்றி நான் சொல்கிறேன். எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கி பத்து. குழல் நீளம் வாயின் விட்டத்தைப் போல 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். 1:50-இல் 84 மி.மீ. நீளம், வாய் 2.1 மி.மீ. இதைப் பித்தளைக் கம்பியில் கடைந்தால் குழல் ஒன்றுக்கு 14 கிராம் பக்கம் வரும். பத்துக்கும் 140. அலுமினியத்தில் கடைந்தால் 45. மிச்சம் 95 கிராம். இதற்காகப் பத்துக் குழலையும் திரும்பக் கடைவது வீண். கை வைக்க வேண்டிய இடம் புகைபோக்கியும் தளமும்.

கேட்க மறந்தேன், இவ்வளவு ஒல்லியான குழலைக் கடையும்போது நடுவில் வளையவில்லையா? நுனியைத் தாங்கிப் பிடிக்க சென்டர் கொடுத்தீர்களா?

#16 மொட்டைமாடி_மாலுமி

முதல் நான்கும் வாழைப்பழம். அப்புறம் நுனியில் சென்டர் கொடுத்து, கடைசியில் அந்த நுனியை அறுத்து எறிந்தேன்.

பீரங்கிக்கு மாதிரி எங்கே பார்த்தேன் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். எம்டனின் நிஜ பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது. கோகோஸ் தீவருகே எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலோடு சண்டை போட்டுத் தோற்று, நார்த் கீலிங் பவளப்பாறையில் மோதி நின்ற கப்பலிலிருந்து கழற்றியது. சிட்னியில் இருக்கும் சித்தி மகன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பினான், பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு. போலீஸ்காரர் வந்து விசாரித்தாராம்.

#17 ஓடாவி_பேரன்

நாகப்பட்டினத்திலிருந்து. தாத்தா ஓடாவி, தோணி கட்டியவர். நீங்கள் ‘குறுக்குச் சட்டம்’ என்று எழுதியிருப்பதை அவர் வங்கு என்பார். அடிக்கட்டை ஏரா. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பலகைச் சந்தில் பஞ்சு அடைப்பது கலப்பத்து. இந்த வார்த்தைகள் எல்லாம் நம்மிடம் இருக்கும்போது ‘ஃப்ரேம்’, ‘கீல்’ என்று எழுதுவதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

தாத்தா வரைபடமே இல்லாமல் கட்டுவார். ஏராவை வைத்து, அணியமும் அமரமும் நிறுத்தி, நடு வங்கு ஒன்றை வைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் கண். போர்க்கப்பலை அப்படிக் கட்ட முடியாது, தெரியும். ஆனால் பட்டை ஒட்டும்போது ஒரு மெல்லிய சட்டத்தை வங்குகளின் மேல் வளைத்து வைத்து, எங்கே தொடாமல் நிற்கிறது, எங்கே முட்டுகிறது என்று பார்ப்பீர்களே, அது தாத்தாவும் செய்ததுதான்.

உங்கள் பட்டை என்ன மரம்?

#18 மொட்டைமாடி_மாலுமி

வங்கு, ஏரா – இனி அப்படியே எழுதுகிறேன்.

மரம் வெட்பாலை. சன்னபட்டணம் பொம்மை கடைகிறார்களே, அதே மரம். வெள்ளையாக, நரம்பு தெரியாமல் இருக்கும். 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் ரம்பத்தில் அறுத்து வாங்கினேன். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் அணியத்து வளைவுக்கு முறியாமல் வந்தது. முதலில் தேக்கில் முயன்றேன். எண்ணெய்ப் பசை, ஒட்டவே இல்லை.

வரைபடத்தில் இரண்டு முறை அடி வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும்.

ஒன்று, பெரிய தாளில் அச்சடிக்கும் கடையில் நீளவாக்கில் ஒரு சதவீதம் இழுத்துக் கொடுத்துவிட்டது இயந்திரம். ஒரு சதவீதம் என்றால் எனக்கு 2.4 செ.மீ. ஏழு வங்கு வெட்டிய பிறகுதான் தாளின் ஓரத்தில் இருக்கும் அளவுக்கோட்டை ஸ்கேலால் அளந்தேன். அதை முதலில் அளந்திருக்க வேண்டும். அகலம் சரியாக இருந்ததால் வங்குகள் தப்பின, அவற்றின் இடம்தான் மாறியது.

இரண்டு, எம்டனுக்கு டிரெஸ்டன் என்று ஓர் அக்கா. ஒரே வகைக் கப்பல், ஒரே மாதிரி மூன்று புகைபோக்கி. நான் அமரத்துப் பகுதிக்கு எடுத்த வரைபடம் டிரெஸ்டனுடையது. டிரெஸ்டனில் ஓடியது நீராவி டர்பைன், நான்கு சுழலி (ப்ரொப்பெல்லர்). எம்டனில் பழைய மாதிரி பிஸ்டன் எந்திரம், இரண்டு சுழலி. நான் நாலு ஓட்டை போட்டுவிட்டு, ‘மோட்டார் இரண்டுதானே வாங்கினோம்’ என்று நின்றேன். இரண்டை அடைத்தேன்.

#19 டப்பாக்_கட்டு

மூன்றாவது அடியைச் சொல்லவில்லையே. சுழலி கதை. எனக்குப் போனில் சொன்னீர்கள்.

#20 மொட்டைமாடி_மாலுமி

சொல்கிறேன். சுவாமிமலைப் பக்கம் மெழுகு வார்ப்பில் சிலை செய்பவர் ஒருவரிடம் சுழலி வார்த்துத் தரக் கேட்டேன். மெழுகில் ஒரு மாதிரி செய்து கொடுத்தேன். ‘இதே மாதிரி இரண்டு’ என்றேன். அவர் சொன்னபடியே இரண்டு செய்து கொடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. இரண்டும் வலச்சுழி. ஒன்று இடச்சுழியாக இருக்க வேண்டும் என்பது, கொண்டுவந்து தண்டில் மாட்டி எதிரெதிராகச் சுற்றவிட்ட பிறகுதான் மண்டையில் ஏறியது. ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்கிறது. அவர் தப்பு இல்லை, கேட்டதைக் கொடுத்தார். திரும்பப் போய் நின்றபோது, ‘சங்கு மாதிரி சொல்லியிருக்கலாமே, இடம்புரி ஒன்று, வலம்புரி ஒன்று என்று’ என்றார்.

#21 ஜார்ஜ்டவுன்_தமிழ்

சென்னை ஜார்ஜ் டவுன் இல்லை, பினாங்கு ஜார்ஜ் டவுன். உங்கள் ஊருக்கு வந்துவிட்டு அதே கப்பல் எங்கள் ஊருக்கும் வந்தது, 1914 அக்டோபர் 28 விடியற்காலை. ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. வெளியே போகும் வழியில் பிரெஞ்சு டெஸ்ட்ராயர் மூஸ்கேயையும் மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகள் சிலருடைய கல்லறை இங்கே வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன்.

என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள்?

#22 மொட்டைமாடி_மாலுமி

வெள்ளை. புகைபோக்கி மட்டும் காவி கலந்த மஞ்சள். சமாதான காலத்தில் ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கிய அதே கோலம். பெயின்ட் வாங்கியாகிவிட்டது.

#23 ஜார்ஜ்டவுன்_தமிழ்

அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெட்ராஸுக்கும் பினாங்குக்கும் வந்தது வெள்ளை எம்டன் இல்லையே. போர் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது.

#24 பாரிமுனை_பையன்

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் அல்லவா? அவர்தான் மெட்ராஸில் கோட்டையைக் காட்டிக் குண்டு போடச் சொன்னார் என்று பள்ளியில் சொன்னார்கள். அவருடைய உருவமும் தளத்தில் வைப்பீர்களா?

#25 ஜார்ஜ்டவுன்_தமிழ்

அது கதை, தம்பி. செண்பகராமன் பிள்ளை அந்தச் சமயம் ஐரோப்பாவில். 1914 செப்டம்பரில் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு அமைக்கும் வேலையில் இருந்தார். அதே மாதம் வங்கக்கடலில் எப்படி இருப்பார்? கப்பலில் இருந்தவர் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குண்டு விழுந்ததும் முக்கியமாக எண்ணெய்த் தொட்டிகள் மீது, பர்மா ஆயில் கம்பெனியுடையவை.

#26 பாரிமுனை_பையன்

எங்கள் தாத்தா சொல்வார், அவர் அப்பா நேரில் பார்த்ததாக

#27 நெறியாளர்

செண்பகராமன் பிள்ளை பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே போய் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். உயர் நீதிமன்றச் சுவர்க் கல்வெட்டுப் படங்களும் அங்கேதான். இங்கே கப்பல் சாய்ந்து கிடக்கிறது, முதலில் அதை நிமிர்த்துங்கள்.

#28 வெங்காரம்

நான் இரண்டு நாளாக யோசித்தேன். உலர்துறை ஐயா சொல்வது சரிதான்.

ஆனால் கம்பித் தடுப்பை மட்டும் பித்தளையிலேயே விடுங்கள். 20 மி.மீ. உயரத் தூண் பிளாஸ்டிக்கில் நின்றால் கை பட்டதும் முறியும். எடையும் பெரிதாக இல்லை. நீங்கள் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்ததாக எழுதியிருந்தீர்கள், அந்தச் சூட்டில் கம்பி இளகித் துவண்டிருக்கும். தடுப்புக்கு ஈயப்பற்று போதும். கரித்துண்டின் மேல் ஆணி அடித்து அச்சு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். பற்றவைக்கப் போட்ட வெங்காரமோ பேஸ்ட்டோ கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஆறு மாதத்தில் பெயின்ட் பச்சையாகப் பூத்து உரியும்.

கழற்றும் பாலத்தை எறியாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், பட்டறையில் வைத்துக்கொள்கிறேன்.

#29 மொட்டைமாடி_மாலுமி

இரண்டு மாதம் ஆகிவிட்டது. வேலை முடிந்தது, விவரம் சொல்கிறேன்.

பித்தளை அறைகள் எல்லாம் போயின. கட்டடக்கலை மாணவர்கள் வீட்டு மாதிரி செய்ய ஷீட் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்டைரின் ஷீட் வாங்கி அத்தனையும் திரும்ப வெட்டினேன். 2.1 கிலோ அரை கிலோவானது. இரண்டாம் முறை என்பதால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பிடித்தது. சன்னல்கள் முதல் முறையைவிடச் சுத்தமாக வந்தன என்பதைப் பத்தரிடம் சொல்ல வேண்டாம். (பாலம் கூரியரில் வருகிறது ஐயா.)

மேல்தளத்தைப் பெயர்த்தது பெரிய கொடுமை. எபாக்சி போட்டு ஒட்டியிருந்தேன், ஒவ்வோர் அங்குலமாக உளியால் எடுத்தேன். இரண்டு இடத்தில் பட்டையும் கூடவே வந்தது. புதுத் தளம் 1.5 மி.மீ. ப்ளை, அடியில் குறுக்குக் கட்டைகள், மொத்தம் 600 கிராம்.

புகைபோக்கி மூன்றும் வரைதாள். உருளையில் மூன்று சுற்று சுற்றி, தண்ணியான எபாக்சி குடிக்கவிட்டேன். மூன்றும் சேர்த்து 100 கிராம். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று: விளிம்பு மெல்லியதாக வந்தது. பிவிசி குழாயின் வாய் தடித்த உதடு மாதிரி இருந்தது. நிஜத்தில் 6 மி.மீ. தகடு என்று வைத்தால்கூட இந்த அளவில் 0.12 மி.மீ.தானே வர வேண்டும். கண்ணுக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று இப்போதுதான் புரிகிறது.

மேலே குறைந்தது 3.3 கிலோ. காசிமேட்டுத் தம்பி வலை ஈயம் வாங்கி அனுப்பினார். 3.9 கிலோ ஈயத்தை ஏராவின் இரு பக்கமும், பேட்டரிக்கு அடியில், ரெசின் ஊற்றி அசையாமல் உட்காரவைத்தேன். கையுறை போட்டுத்தான். மொத்தம் 28.6.

போன ஞாயிறு தொட்டியில் இறக்கினோம். நேராக நின்றது. சித்தப்பா விரலால் தட்டிவிட்டார், ஆடி ஆடி நிமிர்ந்தது. அவர் நம்பாமல் இன்னும் இரண்டு முறை தட்டினார்.

#30 உலர்துறை

நிற்பது போதாது. எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு அரை கிலோ எடையைத் தளத்தின் நடுவில் வை. அதைப் பக்கவாட்டில் சரியாக 10 செ.மீ. நகர்த்து. எத்தனை டிகிரி சாய்கிறது என்று பார். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு அளக்கலாம், போனில் கோணம் காட்டும் செயலியும் போதும். நாங்கள் புதுக் கப்பலுக்குச் செய்யும் அதே சோதனைதான், அங்கே டன் கணக்கில் எடை.

#31 மொட்டைமாடி_மாலுமி

5 டிகிரி.

#32 உலர்துறை

500 கிராமை 10-ஆல் பெருக்கு, 5,000. மொத்த எடை 28,600-ஐ 5 டிகிரியின் டேன்ஜென்ட் 0.0875-ஆல் பெருக்கு, ஏறக்குறைய 2,500. வகுத்தால் 2 செ.மீ. அவ்வளவு தூரம் ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருக்கிறது. இது போதும். இதற்கு மேல் இறக்காதே. கூடினால் வெடுக் வெடுக்கென்று ஆடும், பொம்மைப் படகு மாதிரி தெரியும். கப்பல் என்றால் நிதானமாக ஆட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தாயா?

#33 மொட்டைமாடி_மாலுமி

ஊர் ஏரியில் ஓட்டினோம். முழு வேகத்தில் அணியத்தில் எழுந்த அலை வீட்டு உயரத்துக்கு இருக்கிறது, பார்க்க விகாரம்.

#34 உலர்துறை

வேகத்தை 50-ஆல் வகுக்கக் கூடாது, 50-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 7.07. எம்டனின் வேகம் 23.5 நாட். உனக்கு 3.3 நாட், நொடிக்கு 1.7 மீட்டர். கரையில் ஒருவர் வேகமாக நடந்தால் கப்பல் அவரோடு சேர்ந்து வர வேண்டும், முந்தக் கூடாது. அப்போதுதான் அலை நிஜக் கப்பலின் அலை மாதிரி விழும்.

#35 மொட்டைமாடி_மாலுமி

சித்தப்பாவை நடக்கவிட்டு அளந்தேன். சரியாக வந்தது. அவர் முந்தப் பார்த்தார், அது வேறு.

#36 ஜார்ஜ்டவுன்_தமிழ்

நிறம் என்ன ஆனது?

#37 மொட்டைமாடி_மாலுமி

அதைச் சொல்லத்தான் வந்தேன். வெள்ளைதான் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏரியிலிருந்து வந்த அன்று அப்பா மாடிக்கு வந்தார். இந்தக் கப்பல் தொடங்கியதிலிருந்து அவர் மாடிக்கு வந்ததே மூன்று முறைதான் இருக்கும். பெயின்ட் டப்பாவைப் பார்த்துவிட்டு, ‘மெட்ராஸுக்கு வந்தது வெள்ளையாவா வந்தான்?’ என்றார். இல்லை என்றேன். ‘அப்புறம் எதுக்கு வெள்ளை? யாரையாவது எம்டன்னு திட்டினா அது வெள்ளைக் கப்பலை நினைச்சா?’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சாம்பல் நிறம் அடிக்கிறேன். வெள்ளை டப்பா விற்பனைக்கு, பிரிக்காதது.

#38 காசிமேடு_ஃபைபர்

சாம்பல் என்றால் அழுக்கும் வேண்டும் அண்ணே. மாசக்கணக்கில் கடலிலேயே கிடந்த கப்பல். தளத்தில் கரி மூட்டை அடுக்கி வைத்திருந்தார்களாம். துருக் கோடு ஓடியிருக்கும்.

#39 டப்பாக்_கட்டு

சோப்புப் பெட்டியும் வையுங்கள். இண்டஸ் என்ற கப்பலைப் பிடித்தபோது அதில் சோப்பு மூட்டை மூட்டையாக இருந்ததாம், எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம்.

#40 ஜார்ஜ்டவுன்_தமிழ்

சாம்பல் என்று ஆனபிறகு நாலாவது புகைபோக்கி கட்டாயம். பினாங்குத் துறைமுகத்துக்குள் அந்தப் பொய்ப் புகைபோக்கியோடுதான் நுழைந்தது. நாலு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் குரூசர் யார்மத் என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும் என்று. கட்டையும் பாய்த்துணியும் வைத்துச் செய்தது.

#41 உலர்துறை

மேலே எது ஏற்றினாலும் எடை போட்டுவிட்டு ஏற்று.

#42 மொட்டைமாடி_மாலுமி

அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு, நாலு மூங்கில் குச்சி. கழற்றி மாட்டலாம். 38 கிராம், பட்டியலில் சேர்த்துவிட்டேன்.